எத்தனை தரம் இடம்பெயர்ந்தீங்கள்?

2009ஆம் ஆண்டு ஆடி மாதம். போர் முடிந்து வன்னிச் சனத்தை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், தறப்பாள் கூடாரம் ஒன்றின் வாசலில் ஒரு அம்மாவுக்கு முன்னால் குந்தியிருந்தேன். கையில் ஒரு படிவம். எனக்குப் பத்தொன்பது வயது. நானும் அதே முகாமில் நாலு வரிசை தள்ளி இருந்தவள்தான். உயர்தரம் படித்தவள், கையெழுத்து விளங்கும் என்று இந்த வேலைக்குப் பிடித்துவிட்டிருந்தார்கள். “கடந்த இரண்டு வாரங்களில் உங்களுக்குப் பசி குறைந்திருந்ததா?” என்று வாசித்தேன்.

“பசி குறையேல்லப் பிள்ளை. சாப்பாடுதான் குறைஞ்சது.”

படிவத்தில் அந்தப் பதிலுக்கு இடமில்லை. ‘இல்லவே இல்லை’, ‘சில நாட்கள்’, ‘பாதிக்கு மேற்பட்ட நாட்கள்’, ‘கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும்’ என்று நாலு பெட்டிகள். ஏதோ ஒன்றில் புள்ளடி போட்டேன். எதில் போட்டேன் என்று இன்றைக்கு நினைவில்லை. ஆனால் அந்தப் புள்ளடி எங்கேயோ ஒரு கூட்டுத்தொகைக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். அந்தத் தொகையை யாரோ வகுத்திருப்பார்கள், ஒரு சதவீதம் வந்திருக்கும், ‘வன்னி மக்களில் இத்தனை பேருக்கு’ என்று ஒரு வசனம் எழுதப்பட்டிருக்கும்.

இப்போது சனிக்கிழமைகளில் கிளிநொச்சியில் உளவியல் அடிப்படைப் பாடம் எடுக்கிறேன். முன்பள்ளி ஆசிரியைகள், மாதர் சங்கங்களில் வேலை செய்பவர்கள், கம்பசுக்குப் போகக் கிடைக்காத பிள்ளைகள் என்று இருபத்து மூன்று பேர். முதல் அத்தியாயம் எல்லாருக்கும் பிடிக்கும். 1879இல் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வூண்ட் ஆய்வுகூடம் திறந்த கதை, மனம் என்றால் என்ன என்ற வாதம். இரண்டாவது அத்தியாயம் ‘ஆய்வு முறைகளும் புள்ளிவிபரமும்’. தலைப்பைப் பலகையில் எழுதினவுடன் வகுப்பின் முகம் வாடிவிடும். “ரீச்சர், இதைப் பிறகு பார்ப்பம். கனவு, ஞாபகம், அதுகளைப் படிப்பியுங்கோவன்” என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். நான் விடுவதில்லை. கனவைப் பிந்திப் படிக்கலாம். நித்திரை வருகிறதா, பயமிருக்கிறதா, செத்தவர்களை நினைக்கிறீர்களா என்று இவ்வளவு கேள்வி கேட்கப்பட்ட சனத்துக்கு, கேள்வியிலிருந்து எண் எப்படிப் பிறக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது எல்லாவற்றுக்கும் முந்தியது என்று நம்புகிறேன்.

அதனால் இரண்டாம் அத்தியாயத்தைப் புத்தகத்தில் தொடங்குவதில்லை. ஒரு கேள்வியில் தொடங்குகிறேன். “உங்கட குடும்பம் எத்தனை தரம் இடம்பெயர்ந்தது? வீட்ட போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ.”

வன்னியில் இதைவிட இலகுவான கேள்வி இல்லை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அடுத்த கிழமை வரும்போது சண்டையோடு வருகிறார்கள். ஒரே வீட்டில் தாய் ஏழு என்கிறாள், தகப்பன் ஐந்து என்கிறார். கிளாலியால் கடலேறி 1995இல் வந்ததை எண்ணுவதா, இல்லை வன்னிக்குள் நடந்ததை மட்டுமா? விசுவமடுவிலிருந்து உடையார்கட்டுக்குப் போய், செல்லடியில் அன்றிரவே திரும்பி வந்தால் அது ஒன்றா, இரண்டா, கணக்கிலேயே இல்லையா? முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனது இடம்பெயர்வா? அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்தது?

அரை மணித்தியாலம் வாதாடி, கடைசியில் வகுப்பே ஒரு முடிவெடுத்தது. ‘குடும்பத்தில் பெரும்பான்மையானவர்கள் பொருள் பண்டத்தோடு ஓரிடத்தை விட்டு வெளிக்கிட்டு, வேறோர் ஊரில் குறைந்தது ஓர் இரவு தங்கினால் அது ஒரு தரம்.’ சரியான வரைவிலக்கணம் இதுதான் என்று நான் சொல்லவில்லை. இருபத்து மூன்று பேரும் ஒரே மாதிரி எண்ணக்கூடிய வரைவிலக்கணம், அவ்வளவுதான். இதைத்தான் செயற்பாட்டு வரைவிலக்கணம் என்கிறோம். கவலை, நினைவாற்றல், வன்முறை, தனிமை என்று உளவியல் அளக்க வருகிற எதற்கும் இந்தச் சண்டை முதலில் நடந்தாக வேண்டும். எங்கோ ஒரு மேசையில் அது நடந்து முடிந்திருக்கும். எங்களுக்கு வந்து சேர்வது கடைசி எண் மட்டும்.

அந்த வரைவிலக்கணத்தோடு திரும்பவும் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார்கள். முன்வரிசை வாங்கில் இருந்த ஒன்பது பேரின் எண்களைப் பலகையில் எழுதினேன்: 4, 5, 5, 6, 6, 7, 8, 9, 22. கூட்டினால் 72. ஒன்பதால் வகுத்தால் சராசரி 8. “அப்ப ஒரு குடும்பம் எட்டுத் தரம் இடம்பெயர்ந்திருக்கு” என்றாள் ஒரு பிள்ளை. பலகையைப் பார்க்கச் சொன்னேன். சரியாக எட்டுத் தரம் போனது ஒரேயொரு குடும்பம். ஆறு குடும்பங்கள் எட்டுக்குக் கீழே. வரிசையில் நடுவில் நிற்கிற ஐந்தாவது எண் 6, அதுதான் இடையம். சராசரியை மேலே இழுத்துக்கொண்டு போனது அந்த 22.

“அந்த இருபத்திரண்டைப் பிழையெண்டு வெட்டி விடுவமோ ரீச்சர்?”

வெட்டினால் கணக்கு அழகாகிவிடும். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று காட்டுகிற நியம விலகல் ஒன்பது பேரோடும் ஏறத்தாழ 5.5. அந்த ஒருவரை எடுத்துவிட்டால் 1.7க்கு இறங்கிவிடும். ஆனால் அந்த 22 ஒரு மாணவியின் அப்பப்பா. அவர் பிழையாக எண்ணவில்லை. போரின் கடைசி நாட்களில் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் ஒவ்வொரு இரவும் எங்கே படுத்தது என்று அவருக்கு இடம் இடமாக நினைவிருக்கிறது. மற்றவர்கள் ‘கடைசியில’ என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிய நாட்களை அவர் தனித்தனியே எண்ணியிருந்தார். விலகி நிற்கிற எண்ணைக் கண்டால் அழிப்பதற்கு முன் போய்க் கேள் என்பது பாடப்புத்தகத்திலும் உள்ள விதிதான். அன்றைக்கு அந்தப் பிள்ளை அதை அழுதுகொண்டு சொன்னாள். சராசரியை மட்டும் கொடுத்தால் அப்பப்பாவும் தெரியமாட்டார், மற்ற எட்டுப் பேரும் தெரியமாட்டார்கள். இடையத்தையும் சிதறலையும் பக்கத்தில் வைத்தால்தான் ஏதோ ஒன்று தெரியத் தொடங்குகிறது.

எண்ணுவது என்று வரும்போது இங்கே யாருடைய நினைவும் ஓரிடத்துக்குப் போகும். 2008 ஐப்பசியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் 429,059 பேர் இருந்ததாகக் கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின் பதிவு. 2009 ஆடியில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்திருந்தவர்கள் 282,380 பேர் என்று ஐ.நா. கணக்கு. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011 தையில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன்னிலையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். இரண்டு கணக்கெடுப்புகளின் வித்தியாசம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று வாதாடலாம், வாதாடத்தான் வேண்டும். ஆனால் ஒரு கழித்தல் கணக்கு எவ்வளவு பாரமான கேள்வியாக நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் என்னிடம் இல்லை. புள்ளிவிபரம் ஈரமில்லாத பாடம் என்று சொல்கிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடிவதில்லை.

திரும்பவும் அந்தக் கூடாரத்துக்கு வருகிறேன். மனச்சோர்வை அளக்க உலகமெங்கும் பாவிக்கப்படுகிற பீ.எச்.கியூ. 9 என்ற வினாக்கொத்து 2001இல் வெளிவந்தது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, முழுப்புள்ளி 27. 10ஐ எட்டினால் மேற்கொண்டு விசாரிக்கவேண்டும். நல்ல கருவிதான். நித்திரைக் குழப்பம், களைப்பு, பசியில் மாற்றம் எல்லாம் அதில் உண்டு. ஒரு வீட்டில், தன் கட்டிலில் படுக்கிறவருக்கு நித்திரை வராவிட்டால் அது மனதைப் பற்றி ஏதோ சொல்கிறது. தறப்பாளுக்குக் கீழே, ஆடி வெக்கையில், பக்கத்துக் கூடாரத்துக் குழந்தை விடியவிடிய அழுகிற இடத்தில் நித்திரை வராவிட்டால்? கருவி அளக்கவேண்டியதைத்தான் அளக்கிறதா என்ற கேள்விக்குத் தகுதி என்று பெயர். திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒரே விடை வருகிறதா என்பது நம்பகம். நெல் நிறுக்கிற தராசு ஒவ்வொரு மூடையிலும் இரண்டு கிலோ குறைத்துக் காட்டினால் அதற்கு நம்பகம் உண்டு, தகுதி இல்லை. இந்த உதாரணத்தை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

மொழியிலும் இதே சிக்கல்தான். ‘மனச்சோர்வு’, எந்நேரமும் பயந்து பதறுகிற ‘பதகளிப்பு’ எல்லாம் ஆஸ்பத்திரியிலும் பாடப்புத்தகத்திலும் உள்ள சொற்கள். எங்கள் சனம் அப்படிச் சொல்வதில்லை. “ஒரே யோசினை” என்பார்கள். “நெஞ்சுக்குள்ள பாரம்”, “உடம்பெல்லாம் உளையுது” என்பார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு விடுவார்கள். ‘நீங்கள் அதிகம் யோசிக்கிறீர்களா?’ என்பதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் சிந்தனையாளரைத் தேடுகிற கேள்வியாகிவிடும். மொழிபெயர்த்த வினாக்கொத்தை இன்னொருவரைக் கொண்டு மூலமொழிக்குத் திருப்பிப் பெயர்த்து ஒப்பிடவேண்டும் என்று ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் எழுதியது இந்தக் காரணத்துக்காகத்தான். ஆனால் சொல் சரியாகத் திரும்பி வந்தாலும் சாப்பாடு குறைந்ததும் பசி குறைந்ததும் பிரிந்து நிற்க, அந்த இடத்தில் இருந்து பார்த்த ஒருவர் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். படிவத்தோடு போன எந்தக் கூடாரத்திலும் முதலில் என்னிடம் கேட்கப்பட்டது, “இதை எழுதினா என்ன தருவினம்?” என்பதுதான். சிலர் கிடைக்கும் என்று நினைத்துக் கூட்டிச் சொன்னார்கள். சிலர் பிரச்சினை வரும் என்று பயந்து ஒன்றுமில்லை என்றார்கள். ஆய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்து, பங்குபற்றுகிறவர் அதற்கேற்ப நடந்துகொள்வதை மார்ட்டின் ஓர்ன் 1962இலேயே விபரித்திருக்கிறார். எனக்கு அது அப்போது தெரியாது. பதில் சொல்ல விருப்பமில்லாவிட்டால் விடலாம் என்று ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. முள்ளுக்கம்பிக்கு உள்ளே இருக்கிறவரின் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். என் மாணவர்கள் ஒருவரிடம் நித்திரையைப் பற்றிக் கேட்கப் போனாலும், “நீங்கள் ஏலாதெண்டு சொல்லலாம், ஒரு குறையும் இல்லை” என்பதுதான் முதல் வசனம். அதைச் சொல்லாமல் கொண்டு வந்த படிவங்களை நான் வாங்குவதில்லை.

மாதிரி எடுப்பதைக் கற்பித்த கதை இது. நித்திரை பற்றிப் பயிற்சிக்காக அறுபது பேரிடம் கேட்டு வரச் சொன்னேன். ஏ9 வீதியோரமாகப் போய் ஒரே காலையில் முடித்துவிட்டார்கள். பார்த்தால் பெரும்பாலும் பெண்களும் வயோதிபர்களும். ஆம்பிளையள் வயலில், மேசன் வேலையில். உடுப்புத் தைக்கிற தொழிற்சாலைக்குப் பஸ்ஸில் போன பிள்ளைகளும் இல்லை. “கண்டபடிதான் கேட்டனாங்கள் ரீச்சர், தெரிஞ்ச ஆக்களெண்டு பார்க்கேல்ல” என்றார்கள். அது எழுந்தமானம். எழுமாற்று என்பது வேறு. எழுந்தமானத்தில் கால் போன பக்கம் போகிறோம். கால் எப்போதும் நல்ல றோட்டுப் பக்கம்தான் போகும். எழுமாற்றில் கிராம சேவையாளரின் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிவாகச் சம வாய்ப்பு இருக்கவேண்டும். இலக்கங்களை எழுதிச் சுருட்டிச் சட்டிக்குள் போட்டுத் திருவுளச் சீட்டு எடுப்பது போல. ஒரு சீட்டு குளக்கட்டுக்கு அப்பால், யானை வேலிக்குப் பக்கத்தில் உள்ள வீட்டுக்கு விழுந்தது. அவ்வளவு தூரமா, பக்கத்து வீட்டைக் கேட்டால் போதாதா என்றாள் சீட்டு விழுந்தவள். போனாள். அந்த வீட்டுக்காரர் யானைக்குக் காவல் இருந்து, மாதக்கணக்காக இரவில் நித்திரையே கொள்ளாதவர்.

அச்சில் வந்த எண்களை இதற்குப் பிறகுதான் கொடுக்கிறேன். 2009 ஆடி முதல் புரட்டாதி வரை யாழ் மாவட்டத்தில் 1,517 வீடுகளைப் பல கட்ட மாதிரியாக எடுத்துச் செய்த ஆய்வு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகள் 7 சதவீதம், பதகளிப்பு 32.6, மனச்சோர்வு 22.2. கிளாடியா கட்டானியும் சகாக்களும் வடக்கு கிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்விலோ, மனவடு நோய் 30.4 சதவீதம். “எது சரி?” என்று வகுப்பு கேட்கும். 7உம் 30உம் ஒரே கேள்விக்கு வந்த இரண்டு விடைகள் அல்ல. ஒன்று வளர்ந்தவர்கள், மற்றது பிள்ளைகள். காலம் வேறு, இடம் வேறு, கருவி வேறு. இன்னொன்று, முதலாவது ஆய்வு யாழ்ப்பாணத்தைப் பற்றியது. அதை எடுத்து ‘வடக்கில் 7 சதவீதம்’ என்று எழுதினால் வன்னி அதற்குள் இல்லாமலே எண்ணப்பட்டுவிடும்.

அந்த யாழ் ஆய்வில் எனக்கு மிகவும் பயன்பட்ட இடம் சதவீதம் அல்ல. அப்போதும் இடம்பெயர்ந்திருந்தவர்களிடம் எல்லா அறிகுறிகளும் கூடுதலாக இருந்தன. இடம்பெயர்வுதான் காரணம் என்று யாரும் முடிவெடுத்துவிடுவார்கள். ஆனால் ஒவ்வொருவரும் பட்ட அதிர்ச்சியான அனுபவங்களைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்து பார்த்தபோது, இடம்பெயர்வுக்கும் அறிகுறிகளுக்கும் இருந்த தொடர்பு மறைந்துவிட்டது. இரண்டு மாறிகள் சேர்ந்து நடந்தால் மூன்றாவது ஒன்று பின்னால் நிற்கிறதா என்று பார் என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது. “குடிதான் எல்லாத்துக்கும் காரணம்” என்று சொல்கிற அக்கா ஒருவர் வகுப்பில் இருக்கிறார். கட்டானியின் ஆய்விலும் தகப்பனின் குடியும் பிள்ளை அடிவாங்குவதும் சேர்ந்தே வந்தன. கூடவே போர் அனுபவமும் வந்தது. குடியை ஒளிக்கவேண்டாம் அக்கா, அதுக்குப் பின்னால நிக்கிறதையும் கூப்பிடுங்கோ என்றேன்.

எண்ணுக்குள் அடங்காததும் உண்டு. மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியில் இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி 2010இல் வெளியிட்டது பண்புசார் ஆய்வு. கதைத்து, கேட்டு, பார்த்து எழுதப்பட்டது. மனவடு தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்திலும் ஊரிலும் சேர்ந்தே விழுகிறது என்று கூட்டு மனவடுவைப் பற்றி அவர் சொன்னதற்கு நாலு பெட்டி போதாது.

ஒப்பீடு என்ற விசயத்துக்குத் தேங்காயைத்தான் எடுப்பேன். கிணறு வெட்ட முன் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காணியைச் சுற்றி நடந்து நீரோட்டம் பார்க்கிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். தேங்காய் நிமிர்ந்த இடத்தில் வெட்டினால் தண்ணீர் வந்தது என்று பத்துப் பேர் சாட்சி சொல்வார்கள். நாலு பெட்டி கீறுவோம். தேங்காய் நிமிர்ந்தது, தண்ணீர் வந்தது. நிமிர்ந்தது, வரவில்லை. நிமிரவில்லை, வந்தது. நிமிரவில்லை, வரவில்லை. எல்லாருடைய கதையும் முதல் பெட்டிக்குள்தான் இருக்கிறது. தேங்காய் நிமிராத இடத்தில் யாரும் வெட்டிப் பார்த்ததில்லை. கடைசி இரண்டு பெட்டியும் வெறுமை.

பிள்ளைகளுக்கான உளசமூகச் செயற்திட்டங்களிலும் இதே வெறுமைதான் பெரும்பாலும். செய்தோம், பிள்ளைகள் தேறினார்கள் என்று அறிக்கை வரும். செய்யாத பிள்ளைகள்? வடக்கில் 399 பிள்ளைகளைப் பாடசாலை பாடசாலையாக எழுமாற்றாகப் பிரித்துச் செய்து, வீட்சே டோலும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட பரிசோதனையில், பாடசாலையில் நடத்திய செயற்திட்டத்தால் முக்கிய அறிகுறிகளில் ஒட்டுமொத்தமான நன்மை தெரியவில்லை. பெண் பிள்ளைகளில், மனவடு அறிகுறிகள், செயற்திட்டம் பிறகு கிடைக்கும் என்று நிறுத்தி வைத்த காத்திருப்புக் குழுவில்தான் கூடுதலாகக் குறைந்திருந்தன. நல்ல மனதோடு செய்தது நன்மையாகத்தான் முடியும் என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு அதை முதலில் வாசித்த இரவு நித்திரை வரவில்லை. காத்திருப்புக் குழு என்று ஒன்று இல்லாதிருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

போன மாதம் வகுப்பிலேயே ஒரு பரிசோதனை செய்தோம். பிரித்தானியப் புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935இல் எழுதியதுதான் மூலம். பாலை முதலில் ஊற்றினதா, தேநீரை முதலில் ஊற்றினதா என்று குடித்துப் பார்த்துச் சொல்வேன் என்ற ஒரு பெண்ணுக்கு எட்டுக் கோப்பைகள். நாலு அப்படி, நாலு இப்படி. எட்டில் நாலைத் தெரிவுசெய்ய 70 வழிகள் உண்டு. ஒன்றும் தெரியாமல் குத்துமதிப்பாகச் சொன்னால் முழுவதும் சரியாக வர 70இல் ஒரு வாய்ப்பு. எங்களிடம் அந்த அப்பப்பாவின் மனைவி, அப்பம்மா இருந்தார். கிணத்துத் தண்ணியில் போட்ட தேத்தண்ணியையும் வடிகட்டின தண்ணியில் போட்டதையும் தன்னால் பிரித்துச் சொல்லமுடியும் என்றார். கிளிநொச்சிக் கிணறுகளில் பல கல்நீர், கேத்திலில் வெள்ளை படிகிற தண்ணி. நம்பக்கூடியதுதான். ஒரே தேயிலை, ஒரே அளவு சீனி. எந்தக் கோப்பையில் எது என்று ஊற்றினவளுக்கு மட்டும் தெரியும். அவள் குசினியை விட்டு வரவில்லை. கொண்டு வந்து கொடுத்தவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அப்பம்மா ஆறுதலாக எட்டையும் குடித்தார். நாலு கிணத்துத் தண்ணிக் கோப்பைகளில் மூன்றைச் சரியாகப் பிடித்தார். வகுப்பு கைதட்டியது. பலகையில் எண்ணினோம். மூன்று சரியாக வர 16 வழி, நாலும் சரியாக வர 1 வழி. ஒன்றும் தெரியாத ஒருவருக்கே இவ்வளவோ இதைவிட நல்லாகவோ வர 70இல் 17, கிட்டத்தட்ட நாலில் ஒன்று. பீ பெறுமானம் 0.24. வழக்கமாகக் கேட்கிற 0.05க்கு அது கிட்டவும் இல்லை. அப்பம்மாவுக்குத் தெரியாது என்று இதற்கு அர்த்தமில்லை. தெரியும் என்று சொல்ல இது போதாது, அவ்வளவுதான். வித்தியாசம் தெரியாமல் குத்துமதிப்பாகத்தான் சொன்னார் என்கிற சூனியக் கருதுகோளை இன்னும் தள்ளிவிட முடியவில்லை என்று பேத்தி அவருக்கு விளங்கப்படுத்தினாள். “நீங்கள் குழப்பினீங்கள் எண்டில்லை அப்பம்மா, எட்டுக் கோப்பை காணாது” என்று பக்கத்தில் இருந்தவளும் சொன்னாள்.

அவர் வெறும் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தார்.

“அப்ப வாற சனியும் வருவன். பன்னிரண்டாப் போடுங்கோ. சீனி போட வேண்டாம், அதுதான் அந்த ஒண்டைக் குழப்பினது.”